கொடுக்கும் முன் ஒரு கேள்வி

குட்டீஸ், அடுத்த முறை பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்ததும் கவரை உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். விலை, எடை, தயாரித்த தேதி எல்லாவற்றுக்கும் நடுவே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். 'கோதுமை, பால், சோயா உள்ளது' என்று அதற்கு அர்த்தம். சில பாக்கெட்டுகளில் 'வேர்க்கடலை, முந்திரி கலந்திருக்கலாம்' என்றும் இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் அச்சிடுகிறார்கள். அதனாலேயே நம்மில் பலர் அதைப் படிப்பதில்லை.

யாருக்காக அந்த வரி? அந்தப் பொருள்களில் ஒன்றைத் தின்றாலே உடம்பு தடித்து, மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலையில் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக! அவர்களில் உங்கள் வயதுக்காரர்களும் உண்டு. உணவு ஒவ்வாமை என்பது இதைத்தான். அலர்ஜி என்றால் உங்களுக்கு இன்னும் சட்டென்று புரியும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகளின்படி, பாக்கெட்டில் அடைத்து விற்கும் உணவில் எட்டு வகைப் பொருள்கள் இருந்தால் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கோதுமை போன்ற குளூட்டன் உள்ள தானியங்கள், இறால்-நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகளும், சோயா, சல்ஃபைட் என்ற பதப்படுத்தும் உப்பு... இவைதான் அந்த எட்டு.

நல்ல விதிதான். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? விதி பாக்கெட்டுக்குத்தான். பூங்காவில் உட்கார்ந்து நீங்கள் நண்பனுக்கு நீட்டும் ஒரு கைப்பிடிக் கடலையில் எந்த வரியும் அச்சிட்டிருக்காது!

வேப்பமூடு பூங்காவில் ஒரு ஞாயிறு

நாகர்கோவிலில் இருக்கும் குட்டீஸுக்கு வேப்பமூடு பூங்காவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்ற ஊர்க்காரர்கள் சொத்தவிளை, சங்குத்துறை கடற்கரைகளையோ, திற்பரப்பு அருவிப் பக்கத்தையோ நினைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில் அங்கே என்ன நடக்கும்? ஊஞ்சலுக்கு வரிசை, சறுக்கில் தள்ளுமுள்ளு, அம்மாக்களின் பைகளிலிருந்து எட்டிப் பார்க்கும் டிபன் டப்பாக்கள். வெளியே வறுத்த கடலை, சுண்டல், ஏத்தங்காய் சிப்ஸ், பஜ்ஜி, ஐஸ்கிரீம். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் பெயர்கூடத் தெரியாத பிள்ளைகள் கூட்டாளிகள் ஆகிவிடுவார்கள். ஆனதும் முதலில் செய்வது என்ன? "இந்தா மக்கா, நீயும் திங்கு" என்று நீட்டுவதுதான்.

இது நம்ம ஊர் வழக்கம். நல்ல வழக்கம். தனியாகத் தின்பவனை யாருக்கும் பிடிக்காது. ஆனால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இந்த நிமிடம் பரீட்சை எழுதுவது மாதிரி. வாங்கவில்லை என்றால் 'கெத்து காட்டுகிறான்' என்பார்கள். வாங்கித் தின்றால் உடம்பு கேட்காது. என்ன செய்வான் பாவம்!

காவல்நாயும் தபால்காரரும்

நம் உடம்புக்குள் நோய் எதிர்ப்புப் படை ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். கிருமிகள் வந்தால் விரட்டுவது அதன் வேலை. வீட்டு வாசலில் கட்டிய காவல்நாய் மாதிரி. திருடனைப் பார்த்துக் குரைத்தால் சரி. சில நாய்கள் தினமும் வரும் தபால்காரரையும் பாய்ந்து கடிக்கும் இல்லையா? அப்படித்தான் சிலருடைய எதிர்ப்புப் படை, பாலையோ முட்டையையோ இறாலையோ எதிரி என்று தப்பாக நினைத்துக்கொள்கிறது. அந்த உணவு மறுபடி உள்ளே வந்ததும் ஹிஸ்டமின் உள்ளிட்ட ரசாயனங்களைக் கொட்டுகிறது. அதனால்தான் அரிப்பு, தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இருமல். மிக மோசமான நிலையில் தொண்டை அடைத்து, ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். இதற்கு அனஃபிலாக்சிஸ் என்று பெயர்.

இந்தப் பெயர் வந்த கதைக்கும் கடலுக்கும் தொடர்பு உண்டு. பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் சார்ல் ரிஷேவும் போல் போர்த்தியேவும் 1901ஆம் ஆண்டு மொனாக்கோ இளவரசரின் கப்பலில் போனபோது, ஜெல்லி மீனைப் போன்ற ஒரு கடலுயிரின் விஷத்தை ஆராய்ந்தார்கள். பிறகு பாரிஸுக்குத் திரும்பி, கடல் சாமந்தியின் விஷத்தை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்கள் கழித்து மறுபடி சிறிதளவு கொடுத்தபோது செத்துப் போனது! பழகப் பழக உடம்பு தாங்கும் என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். இங்கே நேர்மாறாக நடந்தது. ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. 'அலர்ஜி' என்ற சொல்லை 1906இல் உருவாக்கியவர் வியன்னா நகர டாக்டர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே.

"கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னால் எல்லாம் பழகிப்போகும்" என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொன்னால் அந்த நாயை நினைத்துக்கொள்ளுங்கள். டாக்டர்கள் ஆஸ்பத்திரியில் வைத்து, அளந்து அளந்து அப்படிப் பழக்குவது உண்டு. அது வேறு. பூங்காவில் நாம் செய்து பார்க்கிற சோதனை அல்ல அது.

நம்ம மாவட்டத்துச் சங்கதி

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இந்தப் பட்டியலைப் பொருத்திப் பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கிறது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களிலிருந்து இறாலும் நண்டும் மீனும் வருகின்றன. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் முந்திரி ஆலைகள் நிறைய. ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள். மலையோரத்தில் ரப்பர் தோட்டங்கள். உலகம் கவனமாக இருக்கச் சொல்கிற பொருள்களில் பாதி நம் வீட்டு முற்றத்திலேயே இருக்கின்றன!

முதலில் இறால். இறாலிலும் நண்டிலும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் இருக்கிறது. பலருக்கு அலர்ஜி தருவது அதுதான். அதை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. 'நல்லா வெந்துட்டுல்லா, ஒண்ணும் செய்யாது' என்ற பேச்சு இங்கே செல்லாது. கடற்கரைக் கடையில் இறால் பொரித்த எண்ணெயிலேயே வாழைக்காய் பஜ்ஜியும் போட்டால், பஜ்ஜி தின்கிறவருக்கும் அந்தப் புரதம் போய்ச் சேரலாம். பஜ்ஜியைப் பார்த்தால் அது தெரியவா போகிறது?

மீன் விஷயம் கொஞ்சம் குழப்பமானது. சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களைப் பிடித்ததும் ஐஸில் போடாமல் வெயிலில் வைத்துவிட்டால், கிருமிகள் அந்த மீனிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். ஆமாம், அலர்ஜியில் நம் உடம்பு சுரக்கும் அதே ரசாயனம்! அந்த மீனைத் தின்றவர்களுக்கு முகம் சிவக்கும், அரிக்கும், தலைவலிக்கும். பார்த்தால் அலர்ஜி மாதிரியே இருக்கும். ஆனால் அலர்ஜி அல்ல. கெட்டுப்போன மீன் செய்த வேலை. ஒரே வீட்டில் அந்த மீனைத் தின்ற நான்கு பேருக்கும் அரித்தால் மீன் மேல்தான் சந்தேகப்பட வேண்டும். எல்லோரும் நன்றாக இருக்க, ஒருவனுக்கு மட்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் வந்தால் டாக்டரிடம் கேட்க வேண்டும். 'எனக்கு மீன் அலர்ஜி' என்று சொல்லிக்கொண்டு திரிகிற எல்லோருக்கும் உண்மையில் அலர்ஜி இருப்பதில்லை. பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பதும் பெரும்பாலும் செரிமானப் பிரச்னைதான், அலர்ஜி கிடையாது.

முந்திரிக்கு வருவோம். நம் பக்கம் கொல்லாம்பழம், அண்டிப்பருப்பு என்று சொல்லுவோம். முந்திரியும் வேர்க்கடலையும் தென் அமெரிக்காவில் பிறந்தவை. நம் பேச்சில் வேர்க்கடலைக்குக் கப்பலண்டி என்று பெயர் இருக்கிறதே, கப்பலில் வந்த கதை அந்தப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள். பச்சை அண்டியின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் யாருக்குமே தோல் வெந்து புண்ணாகும். அண்டியைச் சுட்டுத் தின்று உதட்டைப் புண்ணாக்கிக்கொண்ட கதை தாத்தா பாட்டிகளிடம் நிச்சயம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். அது ஓட்டின் வேலை. பருப்பு அலர்ஜி அப்படி அல்ல. அது சிலருக்கு மட்டும் வரும், ஆனால் சிறு துணுக்கே போதும்.

ரப்பரா, அதற்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ரப்பர் பாலில் உள்ள புரதத்துக்கு அலர்ஜி உள்ளவர்களில் சிலருக்கு வாழைப்பழம் தின்றாலும் வாய் அரிக்கும். இரண்டிலும் இருக்கும் சில புரதங்கள் ஒன்றுபோல இருப்பதுதான் காரணம். மட்டிப் பழமும் ரப்பரும் விளைகிற மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் விட முடியுமா? பிறந்தநாள் பலூன்களும் ரப்பர் பாலில் செய்தவைதான். இந்த அலர்ஜி மிகச் சிலருக்குத்தான் உண்டு. ஆகவே பலூனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 'பலூன் வேண்டாம்' என்று ஒரு பிள்ளை ஒதுங்கினால் அதன் முகத்துக்கு நேரே கொண்டுபோய் 'டப்' என்று உடைக்காமல் இருந்தால் சரி.

எண்ணிக்கை குறைவு, ஆபத்து?

எத்தனை பேருக்கு இப்படி இருக்கும்? 2020இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் ஹாங்காங், சீனா, ரஷ்யா, இந்தியா ஆகிய இடங்களின் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். உணவு அலர்ஜி இருக்கக்கூடியவர்கள் ஹாங்காங்கில் 10 ஆயிரத்துக்கு 150 பேர். இந்தியாவில் 14 பேர்தான்.

அப்பாடா என்று மூச்சு விடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். எண்ணிக்கை குறைவாக இருப்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. வகுப்புக்கு ஒருவர் என்று இருந்தால் டீச்சருக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். ஒரு பள்ளிக்கே ஒருவரோ இருவரோதான் என்றால் யாருக்கும் தெரியாது. 'அதெல்லாம் சும்மா, அடம் பிடிக்கிறான்' என்பார்கள். 'பிடிக்காது' என்பதும் 'சேராது' என்பதும் ஒன்றாகவே காதில் விழும். பாகற்காய் பிடிக்காத பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டால் முகம் சுளிக்கும், அவ்வளவுதான். முந்திரி சேராத பிள்ளைக்கு அதே போல ஊட்டக் கூடாது.

விளையாட்டு வினையான கதை

இனி சொல்லப்போவது கொஞ்சம் கஷ்டமான செய்தி. ஆனாலும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

2017 ஜூன் மாதம். லண்டனில் ஒரு பள்ளி. 13 வயது மாணவன் ஒருவனுக்குப் பால், முட்டை, கோதுமை, கொட்டை வகைகள் எல்லாமே அலர்ஜி. இடைவேளையில் இன்னொரு மாணவன் விளையாட்டாக ஒரு சிறு துண்டு சீஸை அவன் மேல் எறிந்தான். அது கழுத்தில் பட்டது. அவன் அதைத் தின்னவே இல்லை. ஆனாலும் சிறிது நேரத்தில் மூச்சுத் திணறி விழுந்தான். ஆஸ்பத்திரியில் சில நாட்கள் இருந்து இறந்துபோனான். தோலில் பட்டு இவ்வளவு மோசமாவது மிக மிக அபூர்வம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். பள்ளியில் அவனுக்காக வைத்திருந்த ஊசி மருந்து காலாவதி ஆகியிருந்ததும் விசாரணையில் தெரிந்தது. எறிந்த பையனுக்குக் கொல்லும் எண்ணம் கொஞ்சமும் இல்லை. யோசிக்காமல் செய்த சிறுபிள்ளைத்தனம் என்றே விசாரணை அதிகாரி சொன்னார். எறிந்தவனுக்கும் சிறு வயதுதான் என்பதை நினைத்தால் எனக்கு இரண்டு பேருக்காகவும் மனசு கனக்கிறது.

அதற்கு அடுத்த ஆண்டு, 2018இல், 'பீட்டர் ராபிட்' என்ற சினிமா வந்தது. உங்களில் சிலர் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். முயல்கள் சேர்ந்து ஒரு மனிதரின் வாய்க்குள் அவருக்கு ஒத்துக்கொள்ளாத பழத்தை எறியும். அவர் மூச்சுத் திணறி, தொடையில் ஊசி குத்திக்கொள்வார். தியேட்டரில் சிரிப்பு. ஆனால் பல நாடுகளில் பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். சோனி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஒரு கார்ட்டூன் முயலுக்காக இவ்வளவு கோபமா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. லண்டன் செய்தியைப் படித்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

ஜப்பானில் 2012 டிசம்பரில் நடந்ததில் யாருமே விளையாடவில்லை. டோக்கியோ அருகே சோஃபு நகரில் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குப் பால் அலர்ஜி. பள்ளிச் சாப்பாட்டில் அவளுக்கென்று சீஸ் போடாமல் தனியாகச் செய்து கொடுத்தார்கள். அவள் 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்டபோது, மற்றவர்களுக்கு வைத்திருந்த சீஸ் கலந்தது தட்டில் விழுந்துவிட்டது. அவ்வளவுதான். அந்தச் சோகத்துக்குப் பிறகு ஜப்பானில் அலர்ஜிக்காகவே 2014இல் சட்டம் கொண்டு வந்தார்கள்.

தடை போட்டால் சரியாகிவிடுமா?

'அப்படியானால் பூங்காவில் கடலை விற்கவே கூடாது என்று சொல்லிவிடலாமே!' என்று யாராவது கை தூக்குவீர்கள். இந்தக் கேள்வி உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் நம் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அங்கே 2003இல் 13 வயது மாணவி ஒருத்தி பள்ளி உணவகத்தில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தின்று இறந்துபோனாள். கிழங்கு காரணமல்ல. சீஸ் தொட்ட இடுக்கியால் அதை எடுத்துக் கொடுத்திருந்தார்கள் என்று கருதப்படுகிறது. அவள் பெயரில் 'சப்ரினா சட்டம்' 2005இல் நிறைவேறி, 2006 முதல் அமலுக்கு வந்தது. அந்தச் சட்டம் எந்தத் தின்பண்டத்தையும் தடை செய்யவில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் திட்டம் இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும், எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்று எழுதி வைத்திருக்க வேண்டும் என்றது. பல பள்ளிகள் தாங்களாகவே 'வேர்க்கடலை கொண்டு வர வேண்டாம்' என்று கேட்டுக்கொள்கின்றன. டொராண்டோவில் இருக்கும் உங்கள் சித்தப்பா பிள்ளைகளிடம் போனில் கேட்டால் சொல்வார்கள்.

என் கருத்தைக் கேட்டால், பொதுப் பூங்காவில் தடை வேலைக்கு ஆகாது. கடலையைத் தடை செய்தால் பாலை என்ன செய்வது? கோதுமையை? கடலை வண்டிக்காரரின் பிழைப்பையும் பார்க்க வேண்டும். தவிர, வாசனைக்கே ஆபத்து என்ற பயமும் பெரும்பாலும் மிகை. அமெரிக்காவில் கடலை அலர்ஜி கடுமையாக உள்ள 30 குழந்தைகளிடம் டாக்டர்கள் செய்த சோதனை 2003இல் வெளியானது. வேர்க்கடலை வெண்ணெயைத் தோலில் தடவினார்கள். 10 நிமிடம் முகர வைத்தார்கள். தோலில் பட்ட இடம் சிலருக்குச் சிவந்தது. யாருக்கும் மூச்சுத் திணறவில்லை. லண்டனில் நடந்தது போல விதிவிலக்குகள் உண்டு என்றாலும், பெரிய ஆபத்து வாய் வழியாகத்தான். கடலை தின்ற கையால் ஊஞ்சல் சங்கிலியைப் பிடிக்கிறோம். அடுத்து வரும் குழந்தை அதே சங்கிலியைப் பிடித்துவிட்டு விரலை வாயில் வைக்கிறது. வழி அதுதான்.

ஆகவே கையைக் கழுவ வேண்டும். எதால்? இதையும் ஒரு குழு சோதித்துப் பார்த்திருக்கிறது. 2004இல் வெளியான அந்த ஆய்வில், கையில் வேர்க்கடலை வெண்ணெயைத் தடவி, பல விதமாகக் கழுவிப் பார்த்தார்கள். சோப்பு போட்டுக் கழுவிய கையில் கடலைப் புரதம் இல்லை. வெறும் தண்ணீரில் கழுவிய 12 கைகளில் 3இல் மிச்சம் இருந்தது. சானிடைசர் போட்ட 12 கைகளில் 6இல் இருந்தது! கொரோனா காலத்தில் நாம் நம்பியிருந்த சானிடைசர் இங்கே தோற்றுவிட்டது. அது கிருமியைக் கொல்லும், புரதத்தைக் கழுவி அகற்றாது. டிராயர் பின்பக்கம் துடைப்பதைப் பற்றி யாரும் ஆய்வு செய்ததாகத் தெரியவில்லை, செய்யவும் தேவையில்லை!

நமக்குப் புதிதா, என்ன?

கேட்டுவிட்டுக் கொடுப்பது நமக்குப் புதிய பழக்கம் அல்ல. இந்த மாவட்டத்தில் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கின்றன. மாலை போட்டிருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு மீன் துண்டை நீட்ட மாட்டோம். நோன்பு இருக்கும் நண்பன் முன்னால் மாங்காயைக் கடித்து வெறுப்பேற்ற மாட்டோம். தவக்காலத்தில் சில வீடுகளில் கறி கிடையாது என்று நமக்குத் தெரியும். "நீ இன்னைக்கு முட்டை திங்குவியா?" என்று கேட்டுவிட்டுத்தான் டப்பாவைத் திறப்போம். சத்துணவிலும் முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். ஏன் என்று யாரும் விசாரணை வைப்பதில்லை.

அதே கேள்வியோடு இன்னும் ஒன்றைச் சேர்த்தால் போதும். "இதிலே கடலை இருக்கு, உனக்குச் சேருமா?" குழந்தை ரொம்பச் சின்னது என்றால் அதனிடம் கேட்டுப் பயன் இல்லை. கூட வந்த அம்மாவிடமோ ஆச்சியிடமோ கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். 'ஒரே ஒரு வாய்' என்று கெஞ்ச வேண்டாம். நம்ம ஊரில் உபசாரம் என்றால் மூன்று முறை வற்புறுத்துவது. இந்த ஒரு விஷயத்தில் முதல் 'வேண்டாம்' போதும்!

பெயரைப் பார்த்து முடிவு கட்டவும் கூடாது. நாஞ்சில் நாட்டு முந்திரிக்கொத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் முந்திரி இருக்கிறது, உள்ளே முந்திரி கிடையாது! சிறுபயறும் வெல்லமும் தேங்காயும்தான். பல வீடுகளில் எள்ளும் சேர்ப்பார்கள். எள்ளுக்கும் அலர்ஜி வருவது உண்டு. பிரிட்டனில் 2016இல் நடாஷா என்ற 15 வயதுச் சிறுமி, விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியின் மாவுக்குள் எள் இருந்தது தெரியாமல் தின்று இறந்தாள். கவரில் எள் என்று எழுதவில்லை. கடையிலேயே செய்து அடைத்த உணவுக்கு அப்போது அந்தக் கட்டாயம் இல்லை. 2021 அக்டோபர் 1 முதல் அந்தக் கட்டாயத்தைக் கொண்டு வந்த சட்டத்துக்கு 'நடாஷா சட்டம்' என்று பெயர். அமெரிக்காவும் 2023 ஜனவரியிலிருந்து எள்ளைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் நாட்டின் 2020 பட்டியலில் எள் இல்லை. ஆகவே எள்ளுருண்டை நாட்டில் வாய் திறந்து கேட்பதுதான் வழி.

அலர்ஜி உள்ள குட்டீஸுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வெட்கப்படாதீர்கள். விளையாட ஆரம்பிக்கும்போதே, "எனக்கு முட்டை சேராது, தின்னா மூச்சு முட்டும்" என்று ஒருவனிடமாவது சொல்லி வையுங்கள். உங்கள் தின்பண்டத்தை நீங்களே கொண்டு வாருங்கள். அதை மற்றவர்களுக்குக் கொடுப்பதில் தடை ஒன்றும் இல்லையே! டாக்டர் மருந்து கொடுத்திருந்தால் அது எந்தப் பையில் இருக்கிறது என்று கூட வந்தவருக்குத் தெரியட்டும்.

ஒருவேளை ஆகிவிட்டால்? தின்ற சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பொதுவாகத் தெரிந்துவிடும். வெறும் அரிப்பு என்றாலும் பெரியவரிடம் சொல்ல வேண்டும். குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, உதடு நாக்கு வீங்குவது, தலை சுற்றி விழுவது இதில் ஒன்று வந்தால் உடனே 108. அந்தப் பிள்ளையை எழுப்பி நடக்க வைக்கக் கூடாது. படுக்க வைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். மூச்சு விடச் சிரமப்பட்டால் உட்கார்ந்த நிலையில் இருக்கலாம். இதற்கான முதல் மருந்து அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரையோ கஷாயமோ கொடுத்துப் பார்த்துக்கொண்டு காத்திருந்தால் நேரம்தான் வீணாகும். 'என்ன தின்றான்?' என்று டாக்டர் கேட்பார். அதைச் சொல்லக்கூடியவர் கூட விளையாடிய நீங்கள்தான். மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் அடிக்க மாட்டார்கள்.

பெரியவர்கள் பக்கம் பாக்கி இருப்பதும் உண்டு. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் பெரிய ஓட்டல்கள் மெனுவிலேயே அலர்ஜி விவரம் தர வேண்டும் என்று 2020 விதி சொல்கிறது. தள்ளுவண்டிக்காரருக்கு அந்த விதி கிடையாது, அவரிடம் நாமே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் குழாயடியில் சோப்பு? பூங்காக்களில் தண்ணீர்க் குழாய் இருக்கும், சோப்பைப் பார்ப்பது அபூர்வம். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. ரோடு, பட்டா, பென்ஷன் என்று எத்தனையோ மனுக்கள் அங்கே போகின்றன. 'விளையாட்டுப் பூங்காவில் கை கழுவ சோப்பு வையுங்கள்' என்று எந்த வகுப்பாவது ஒன்றுகூடி எழுதினால், டீச்சரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவார் என்றுதான் நினைக்கிறேன்.